இருபத்தாறு கிலோ

பளைக்கு முன்னமே அந்தப் பக் நாய்க்கு
நான் தலையாட்டியாயிற்று.
குளிரூட்டிய பெட்டி, பதினேழாம் இருக்கை, யன்னலோரம்.
சிவப்பு அங்கி. அங்கியில் வெள்ளை எழுத்து:
சேவை நாய், தொடாதீர்.
கழுத்தில் ஓர் அட்டை, அதில் அதன் படம்,
என் அடையாள அட்டைப் படத்தைவிடத் தெளிவாக.

"என்ன சேவை?" என்றேன்.
"மனசுக்கு" என்றார் ரொறன்ரோவிலிருந்து வந்தவர்.
"இவன் பக்கத்தில இல்லாட்டி எனக்குப் பதறும்."
மனைவி வெளியே பனைகளைப் பார்த்துச் சிரித்தா.
பக் அந்நேரம் முன் இருக்கைப் பிள்ளையின்
மாலு பணிசில் பாதியைச் சேவித்துக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் நீட்டினார்.
யார் வைத்தியர், எதற்கு வைத்தியர் என்று
வாசிக்க நேரமிருந்தது. வாசிக்கவில்லை.
எத்தனையோ வருசம் அட்டையை நீட்டி நீட்டி
வரிசையில் நின்ற ஊர் இது.
முத்திரையைக் கண்டால்
கை தானாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பளையில் எதிர் வண்டிக்காக நின்றோம்.
மூன்றாம் வகுப்பு வாசலில் தர்மினி,
கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் வெளிறிய சட்டை,
வெயில் தின்ற கழுத்து.
கூடவே மோவாய் நரைத்த ஒரு கபிலப் பெட்டை நாய்.
அங்கி இல்லை. அட்டை இல்லை.
"இவ வேகா" என்றாள், ஆளை அறிமுகப்படுத்துவதுபோல.
"ஒன்பது வருசம் முகமாலையில வேலை.
இப்ப இடுப்பு சரியில்லை.
யாழ்ப்பாணத்தில மிருக வைத்தியரிட்டக் காட்டோணும்."

சட்டம் எனக்குப் பாடம்.
நாய் பயணியல்ல, பொதி.
கார்ட் பெட்டியில் கூடு, நிறைக்கேற்ற கட்டணம்.
மேடையில் தராசு இருந்தது.

வேகா தராசில் ஏறினாள். இருந்தாள்.
தர்மினி அப்படியே உறைந்து போனாள்.
கண் தராசுக்குக் கீழே,
தராசின் கீழிருந்த சீமெந்துக்கும் கீழே.
பிறகு மெல்ல மூச்சு விட்டாள்.

"நோவில இருக்கிறா" என்றாள், வெட்கத்தோடு.
"முந்தி இவ இருந்தா, அந்த இடத்தில கிடக்குது எண்டு அர்த்தம்.
குரைக்க மாட்டா, விறாண்ட மாட்டா.
இருந்துபோட்டு என்னைப் பாப்பா, அவ்வளவுதான்.
நூற்றிப் பதினாலு தரம் இருந்தவ.
ஒருக்காலும் பொய்க்கு இருக்கேல்லை.
இப்ப குசினியில இருப்பா, கிணத்தடியில இருப்பா.
நோவுதான், தெரியும்.
எண்டாலும் எனக்கு நிலத்தைப் பாக்கத்தான் வருது."

இருபத்தாறு கிலோ.
பொருளின் தன்மை என்ற கட்டத்தில் 'நாய்' என்று எழுதினேன்.
பெறுமதி என்ற கட்டத்தில் ஒரு கோடு.
எல்லாப் பொதிக்கும் அப்படித்தான் இழுக்கிறது.

வண்டி புறப்பட்டபோது
தன் இருக்கையில் தர்மினி இல்லை.
கார்ட் பெட்டியில், கூட்டுக் கம்பிக்குள் விரல் விட்டு நின்றாள்.
அங்கே ஆட்கள் நிற்கக் கூடாது.
எனக்கு அது உடனே நினைவுக்கு வரவில்லை.

முகமாலை கடந்தது. புதுத் தகரக் கூரைகள்,
நட்டு இரண்டு வருசமான தென்னம்பிள்ளைகள்,
சைக்கிளில் ஒரு பெடியன், கைகளை விட்டு ஓடுகிறான்.
"அந்தக் கத்தரித் தோட்டம்" என்று காட்டினாள்,
"அதுக்குள்ள மட்டும் ஏழு தரம்."
தோட்டத்தில் யாரோ குனிந்து நின்றார்கள்,
வண்டியை நிமிர்ந்தும் பார்க்காமல்.

கொடிகாமத்தில் பக் இருக்கையை நனைத்தது.
அவர் பத்திரிகைத் தாளால் துடைத்தார்.
"பயணம் அவனுக்கு ஒத்துவராது" என்றார்.
பதறியது யார் என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கடிதத்தைக் கேட்டிருக்கலாம்,
இரண்டாந்தரம், வாசிப்பதற்காக.
நாவற்குழிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது.
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாழ்ப்பாணம். மேடையெல்லாம் பெட்டிகளும் கட்டித் தழுவல்களும்.
வேகாவைக் கண்டதும் பக் கயிற்றை முறித்துக்கொண்டு குரைத்தது.
ஒரு குழந்தை வீரிட்டது.
"சேவை நாய், சேவை நாய், பயப்பிடாதேங்கோ"
என்றார் அவர் எல்லாருக்கும் பொதுவாக.

வேகா திரும்பவில்லை.
நாலைந்து அடி நடந்தாள்,
மேடையின் நடுவில் இருந்தாள்.

தர்மினி கீழே பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
சீமெந்து. ஒரு தேத்தண்ணிக் கறை.
வேறொன்றுமில்லை.